நாலாம் நாள் திறந்த கிணறு

அத்தியாயம் 11

படக்காரர்கள் வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

போன வாரம் அவர்களுடைய கடிதம் திருவேங்கடத்தின் கைக்கு வந்து சேர்ந்தது. போன ஆடியில் மண்ணூர்பேட்டையை வாந்திபேதி பிடித்து ஆட்டியபோது, அதை ஊர் எல்லை தாண்ட விடாமல் நிறுத்திய சாதாரண மனிதர்களைப் பற்றிப் படம் எடுக்கப் போகிறார்களாம். பட்டணத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். எடுத்து முடித்ததும் ஊர் ஊராக வேனில் கொண்டுபோய்த் திரை கட்டிக் காட்டுவார்கள்.

கடிதத்தில் நாலு பேரின் பெயர் இருந்தது. சேரிக் குட்டையைப் பத்தொன்பது நாள் தடியோடு காவல் காத்த வீராசாமி. குடிசை குடிசையாகத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்த அவன் மனைவி வேம்புலியம்மாள். நோயாளிகளை வண்டியில் போட்டுப் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிய ராமன். நாலாவதாக, “தமது சொந்தக் கிணற்றை முதல் நாளே மனமுவந்து சேரி ஜனங்களுக்குத் திறந்துவிட்ட திருவேங்கடம் அவர்கள்.”

அந்த ‘முதல் நாளே’ என்ற இரண்டு சொற்களைப் படித்த நாளிலிருந்து மருமகள் வடிவுக்குச் சோறு இறங்கவில்லை.

காலையிலேயே திருவேங்கடம் முகம் மழித்து, கல்யாணத்துக்குக் கட்டும் சரிகை வேட்டியை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். குளித்துவிட்டு வந்து, கண்ணாடி முன்னால் இரண்டு முறை துண்டை மாற்றிப் போட்டுப் பார்த்தார். மாமனார் இப்படி உற்சாகமாக இருந்து வடிவு பார்த்து ஆறேழு வருஷம் ஆகிறது. மாமியார் போன பிறகு அவர் கண்ணாடிப் பக்கமே போனதில்லை.

அவள் கணவன் ஆனந்தன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆவடி மிலிட்டரி டிப்போவில் அவனுக்குக் குமாஸ்தா வேலை. எட்டு மணிக்குள் போய் நிற்க வேண்டும்.

“இன்னிக்கு ஒரு நாள் லீவு போடக் கூடாதா?” என்றாள் வடிவு. இடுப்பில் இரண்டு வயது மகள் கெங்கா விரல் சூப்பிக்கொண்டிருந்தாள்.

“உலகச் சண்டை முடிஞ்சி ஆளுங்களக் கொறைச்சிகினு கீறான். இந்த நேரத்துல லீவு கேட்டா நாளைக்கு வராதேன்னுடுவான்.”

“அந்தக் காயிதத்துல மொத நாளுன்னு எழுதியிருக்கு.”

ஆனந்தன் தலையைத் தூக்கவில்லை. சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

“அவுங்களுக்கு ரிப்போர்ட்டு எழுதினது சுகாதார இன்ஸ்பெக்டரு. நாமளா எழுதினோம்? ஒரு நாள் கூத்து, வடிவு. எடுத்துகினு போய்டுவாங்க. நைனா மனசு குளுந்து கீது. அத்தக் கெடுக்காதே.”

“பொய்யி இல்லையா அது?”

“சாயங்காலம் பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டு அவன் மிதித்துப் போய்விட்டான். கல்யாணமான ஏழு வருஷத்தில் அவன் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். சாயங்காலம் பேசிக்கலாம்.

போன ஆடியில் நடந்ததை மறந்தவர்கள் ஊரில் யாரும் இல்லை. பேசுகிறவர்கள்தான் இல்லை.

முதல் நாள் சேரியில் மூன்று பேருக்குப் பேதி கண்டது. அம்பத்தூரிலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் கங்காதரன் சைக்கிளில் வந்தார். குட்டைத் தண்ணீரைப் பார்த்தார். நேராகத் திருவேங்கடத்திடம் வந்து, “இந்தக் குட்டையில ஒரு சொட்டு யாரும் தொடக் கூடாது. உங்க தோட்டத்துக் கிணறு சுத்தமா இருக்கு. மருந்து போட்டுத் தரேன். கொஞ்ச நாளைக்குச் சேரி ஆளுங்களை எடுத்துக்க விடுங்க” என்று கேட்டார்.

“கண்ட கொடமும் கெணத்துல எறங்கினா நோவு என் ஊட்டுக்குள்ள வரும். அது வரலைன்னா சாதி ஜனம் என் வாசப்படி மிதிக்காது. ரெண்டுல எத்த நான் தாங்கறது?” என்றார் திருவேங்கடம். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. வெளியாட்கள் உள்ளே வர மரக் கேட்டு ஒன்றுதான் வழி; வீட்டார் கொல்லைப் பக்கமாக வந்து போவார்கள். அன்றைக்கே அதற்குப் பூட்டு வந்தது. சாவி சமையலறைக் கதவோரத்து ஆணியில் தொங்கியது.

இரண்டாம் நாள் நடுப்பகலில் வேம்புலியம்மாள் குடத்தோடு வந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். இவர்கள் கழனியில் நடவுக்கும் களை பறிக்கவும் வருகிறவள். தோட்டத்தில் கீரை பறித்துக்கொண்டிருந்த வடிவு நிமிர்ந்தாள். கெங்கா அன்றைக்கும் அவள் இடுப்பில்தான் இருந்தாள். வேம்புலியம்மாள் எதுவும் கேட்கவில்லை. குடத்தை இறக்கிக் காட்டினாள். அவ்வளவுதான்.

வடிவு குழந்தையைப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு அடி பின்னால் போனாள்.

மூன்றாம் நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் வேம்புலியம்மாளின் மகள் பொன்னியம்மா செத்துப்போனாள். ஒன்பது வயசு. புதைத்துவிட்டு வந்த கையோடு வீராசாமி ஒரு தடியை எடுத்துக்கொண்டு போய்க் குட்டைக் கரையில் உட்கார்ந்தான்.

நாலாம் நாள் திருவேங்கடம் தங்கையைப் பார்த்து வர ஐயப்பன்தாங்கல் போயிருந்தார். வடிவு சாவியை எடுத்துப்போய்க் கேட்டைத் திறந்தாள். அவளே இறைத்து அவளே ஊற்றினாள். கங்காதரன் மருந்து போட்டதில் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. அம்மனுக்குக் கோபம், தண்ணீர் ரத்தமாகிறது என்று சிலர் பயந்து ஓடினார்கள். வேம்புலியம்மாள்தான் எல்லோர் முன்னாலும் ஒரு செம்பு குடித்துக் காட்டினாள். மகள் செத்த மறுநாள்.

சாயங்காலம் திரும்பி வந்த திருவேங்கடம் குடங்களின் வரிசையைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பூட்டச் சொல்லவும் இல்லை. அந்த மௌனத்தைத்தான் ஊர் பெரிய மனசு என்று சொல்லிற்று.

ஊரில் பதினேழு பேர் போனார்கள். கொரட்டூருக்கோ பாடிக்கோ ஒரு வாந்தி கூடப் போகவில்லை. புரட்டாசியில் கங்காதரன் நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு போனதும், தோட்டத்துக் கேட்டுக்கு மறுபடி பூட்டு வந்தது. இன்றைக்குப் பங்குனி. பூட்டு அப்படியேதான் இருக்கிறது.

பத்து மணிக்கு வேன் வந்தது. டைரக்டர் மணவாளன் மெலிந்த மனிதர். தலையில் தொப்பி, கையில் மடித்த காகிதம். கூட ஒரு காமிராக்காரர். வெயிலை முகத்தில் திருப்பிவிட, ஜிகினாக் காகிதம் ஒட்டிய பலகைகளை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். கங்காதரனும் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

“இது பேசற காமிரா இல்லைங்க” என்று மணவாளன் எல்லோருக்கும் விளக்கினார். “அசைவு மட்டும்தான் பிடிக்கும். குரல் பட்டணத்துல போய்ச் சேர்ப்போம். அதனால நீங்க பேசறதைப் பத்திக் கவலைப்படாதீங்க. அன்னைக்கு எப்படி நடந்ததோ அப்படியே செஞ்சா போதும்.”

முதலில் குட்டைக் கரை. வீராசாமி தடியோடு நின்றான். தண்ணீர் எடுக்க வருகிறவர்களாக நாலு பெண்களை நிறுத்தினார்கள். அன்றைக்கு அடித்து விரட்டியவன், இன்றைக்குத் தடியைத் தூக்கவே கூச்சப்பட்டான்.

“கொஞ்சம் கோவமா பாருப்பா.”

“கோவமா இல்லீங்க அன்னிக்கி” என்றான் வீராசாமி. “அழுதுகினே தான் வெரட்டினேன்.”

மணவாளன் கையிலிருந்த காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்தார். “சரி. உனக்கு எப்படி வருதோ அப்படி நில்லு” என்றார்.

அடுத்து வேம்புலியம்மாள் தண்ணீர் காய்ச்சுவது. மூன்று கல் வைத்து, பானை ஏற்றி, சுள்ளி வைத்து ஊதினாள். ராமன் வண்டியை இரண்டு தரம் ஓட்டிக் காட்டினான். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் பெரும்பகுதி முடிந்துவிட்டது. காமிராக்காரர் வந்து, “இன்னும் நானூறு அடி பிலிம்தான் இருக்கு” என்று மணவாளன் காதில் சொன்னார்.

“போதும். கிணறு ஒண்ணுதான் பாக்கி.”

தோட்டத்துக் கேட்டு முன்னால் ஊரே கூடியிருந்தது. ஊர்க்காரர்கள் வேப்பமரத்து நிழலில் ஒரு பக்கம். சேரிக்காரர்கள் வெயிலில் ஒரு பக்கம். திருவேங்கடம் சரிகை வேட்டியோடு கேட்டுக்கு உள்ளே நின்றார். வடிவு கிணற்று மேடையருகே குழந்தையோடு நின்றாள். இங்கே நிற்கக் கூடாது, வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்தவள்தான். கால் அங்கேயே நின்றது.

“பெரியவரே, நீங்க சாவியைப் போட்டுத் திறக்கறீங்க. கையை நீட்டி உள்ளே வாங்கன்னு கூப்பிடறீங்க. அந்தம்மா குடத்தோட வராங்க. நீங்களே இறைச்சு ஊத்தறீங்க. அந்தம்மா கும்பிடறாங்க. அவ்வளவுதான்.”

காமிரா சுழல ஆரம்பித்தது. திருவேங்கடம் திறந்தார். கையை நீட்டினார். நன்றாகவே செய்தார்.

வேம்புலியம்மாள் குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள்.

“வாம்மா, உள்ளே வா” என்றார் மணவாளன்.

அவள் அசையவில்லை. காமிரா நின்றது.

“இன்னா வேம்புலி, பிலிம் வீணாவுது” என்றார் கங்காதரன்.

“நான் வந்தப்போ பூட்டி இருந்திச்சிங்க” என்றாள் வேம்புலியம்மாள். குரலை உயர்த்தவில்லை. “அன்னிக்கி எப்பிடி நடந்துச்சோ அப்பிடியே செய்யின்னு இந்த ஐயா தான சொன்னாரு. பூட்டி இருந்ததுலேருந்து எடுக்கச் சொல்லுங்க.”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது. வீராசாமி பின்னாலிருந்து, “வுடு புள்ள” என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மணவாளன் கடிதத்தைப் பிரித்தார். “முதல் நாளே திறந்தாங்கன்னுதானே ரிப்போர்ட்டுல இருக்கு?” என்று கங்காதரனைக் கேட்டார்.

கங்காதரன் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைத் துடைத்தார். “நான்தான் எழுதினேன். முதல் நாளே ஒருத்தர் திறந்தாருன்னு எழுதினா, பக்கத்து ஊர்ப் பெரிய மனுஷங்களும் திறப்பாங்கன்னு நினைச்சேன். நல்லதுக்குத்தான் எழுதினேன்.”

“எத்தனாவது நாள் திறந்தது?”

 திருவேங்கடம் நீட்டிய கையை மடக்கி, துண்டைச் சரி செய்துகொண்டார்.

“நாலாம் நாளு” என்றாள் வேம்புலியம்மாள். “மூணாம் நாளு என் பொண்ணு போயிடிச்சி.”

மணவாளன் அவளருகே வந்தார். மெதுவாகப் பேசினார். “அம்மா, உன் துக்கம் எனக்குப் புரியுது. ஆனா இந்தப் படத்தை நூறு ஊர்ல காட்டப் போறோம். பூட்டின கேட்டைக் காட்டினா யாருக்கு என்ன லாபம்? திறந்ததைக் காட்டினாத்தான் பார்க்கறவங்களும் திறப்பாங்க.”

“நூறு ஊருலயும் பூட்டித்தான வெச்சிருப்பாங்க?” என்றாள் அவள். “பூட்டி வெச்சிருக்கறவுங்க பாக்கணுமா வேணாமா, அதால இன்னா ஆச்சின்னு? மொத நாளே தெறந்தாங்கன்னு காட்டினா, பதினேழு பேரு எப்பிடிச் செத்தாங்கன்னு கேக்க மாட்டாங்களா? எங்க சனம் சோம்பேறி, நல்ல தண்ணி இருக்கச் சொல்ல குட்டையில குடிச்சி செத்துச்சின்னு நெனச்சிக்க மாட்டாங்களா?”

மணவாளன் கையிலிருந்த கடிதத்தை மடித்தார்.

திருவேங்கடத்தின் முகம் கறுத்தது. “ஏய், உனக்கு யாரு இவ்ளோ பேசக் கத்துக் குடுத்தது? தண்ணி குடுத்தவன் நானு. கடேசி வரைக்கும் பூட்டியே வெச்சிருந்தா இன்னா பண்ணியிருப்பே?”

“செத்திருப்போம் ஆண்டே” என்றாள் வேம்புலியம்மாள்.

வேப்பமரத்து நிழலில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

வடிவு குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள். ஏன் இறக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. நடந்து கேட்டருகே வந்தாள்.

“அவ சொல்றது நெசம்” என்றாள். “ரெண்டாம் நாள் மத்தியானம் அவ வந்தா. நான் இதே எடத்துல கொழந்தையோட நின்னுகினு இருந்தேன். என்னையப் பாத்து கொடத்த எறக்கினா. நான் பின்னால போனேன்.”

“வடிவு, உள்ள போ” என்றார் திருவேங்கடம்.

“மாமாவ மட்டும் சொல்லிப் பிரயோசனம் இல்ல. சாவி எனக்கு எட்டற எடத்துல தான் தொங்கிச்சி. மொத நாளும் தொங்கிச்சி. கொழந்தைக்கு வந்துடுமோன்னு பயந்துகினு நான் தொடல. ஒரு கொழந்த போனதுக்கப்புறம் எடுத்தேன்.”

“உள்ள போன்னு சொல்றேன்.”

“போறேன் மாமா. இவுரு எடுத்து முடிக்கட்டும். போறேன்.”

திருவேங்கடம் மருமகளை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.  “உங்க இஷ்டத்துக்கு எடுத்துக்கங்க. எனக்கு வேலை கீது” என்று மணவாளனிடம் சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். வேட்டியின் சரிகைக் கரை மண்ணில் புரண்டது. தூக்கிப் பிடிக்கக் கூட அவருக்குத் தோன்றவில்லை.

மணவாளன் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு வடிவிடம் கேட்டார்.

“அம்மா, அன்னைக்கு நடந்ததை அப்படியே செய்வீங்களா? நீங்க இந்தப் பக்கம். அவங்க அந்தப் பக்கம். கேட்டைப் பூட்டிடறோம்.”

“செய்யறேன்” என்றாள் வடிவு.

“குழந்தை இருந்ததுன்னீங்களே?”

கொஞ்சம் தயங்கினாள். கெங்கா கிணற்று மேடையருகே மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள். போய்த் தூக்கிவந்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

கேட்டு பூட்டப்பட்டது. கம்பு இடுக்கு வழியாக வேம்புலியம்மாளின் முகம் தெரிந்தது. அவள் குடத்தை இறக்கிக் காட்டினாள். வடிவு குழந்தையைப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள். இரண்டு அடி பின்னால் போனாள்.

“நிறுத்து” என்றார் காமிராக்காரர். “மேகம் வந்துடுச்சு சார். முகமே தெரியாது. இன்னொரு தரம்.”

வெயில் வரும்வரை அப்படியே நிற்க வேண்டியிருந்தது.  இருவருக்கும் நடுவில் அந்தக் கேட்டு ஒன்றுதான்.

வெயில் வந்தது. காமிரா சுழன்றது. வேம்புலியம்மாள் மறுபடி குடத்தை இறக்கினாள். இந்தத் தடவை வடிவுக்குக் கால் எழவில்லை. ஒருமுறை செய்த பாவம் அது. அதையே மறுபடி செய்து காட்டியும் ஆயிற்று. மூன்றாம் தடவையும் செய்யச் சொன்னால் எப்படிச் செய்வது? கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. எதிரே இருந்த முகம் கலங்கித் தெரிந்தது.

“நவுந்துக்கோம்மா” என்றாள் வேம்புலியம்மாள். காமிராவுக்குக் கேட்காத குரல். வடிவுக்கு மட்டும் கேட்டது. “நீ நவுந்தாத் தான் முடியும்.”

வடிவு பின்னால் போனாள்.

வேம்புலியம்மாள் கொஞ்ச நேரம் நின்றாள். குடத்தைத் தலையில் ஏற்றினாள். குட்டைப் பக்கமாகத் திரும்பி நடந்தாள். அவள் முதுகு மறையும்வரை காமிரா சுழன்றுகொண்டே இருந்தது. பிலிம் தீர்ந்து சக்கரம் வெறுமனே கடகடத்த பிறகுதான் காமிராக்காரர் கையை எடுத்தார்.

கேட்டைத் திறக்கும் காட்சிக்குப் பிலிம் மிஞ்சவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவதாகச் சொன்னார் மணவாளன். வேனில் ஏறுவதற்கு முன் வடிவின் முன்னால் வந்து நின்று, ஏதோ சொல்ல நினைத்து, கும்பிட்டுவிட்டுப் போனார். யார் திறப்பது, எப்படி எடுப்பது என்று அவர் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்தது. கேட்டைத் திறந்துவிட்டு ஆட்கள் போய்விட்டார்கள். பூட்டு அதிலேயே சாவியோடு தொங்கியது. வடிவு கிணற்று மேடையில் உட்கார்ந்தாள். வேம்புலியம்மாள் திரும்பி வந்தாள். கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, இரண்டு கெஜம் தள்ளி நின்றாள்.

“சாவி எனக்கு எட்டற எடத்துல இருந்திச்சின்னு சொன்னேனே...” என்று ஆரம்பித்தாள் வடிவு.

“அது எனக்கு அன்னிக்கே தெரியும்.”

“எப்பிடி?”

“நாலாம் நாளு வந்து தெறந்த இல்ல. சாவி எங்க கீதுன்னு நாலாம் நாளா கண்டுபுடிச்சே?”

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள்.

“உன்ன மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லப் போறது இல்லம்மா. அத்த என்கிட்ட கேக்காதே.”

“கேக்கல.”

“ஆனா இத்தினி பேரு முன்னாடி சொன்னே பாரு. எங்க தெருவுல யாரும் அத்த எதிர்பாக்கல. நானும் எதிர்பாக்கல.” வேம்புலியம்மாள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். பங்குனியிலும் தண்ணீர் நாலு ஆள் ஆழம் இருந்தது. “குட்டை காஞ்சி அடிமண்ணு தெரியுது. கொடத்துல மொண்டா பாதி சேறு. அந்த நோவு போன வருசம் ஆடியில வந்துச்சி. இந்த வருசம் சித்திரையிலயே வந்துரும்.”

இதைச் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

வெயில் தாழ்ந்தபோது திருவேங்கடம் தோட்டத்துக்கு வந்தார். சரிகை வேட்டியை அவிழ்த்துப் பழைய வேட்டி கட்டியிருந்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. வடிவு வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள்.

“ஊருக்கு முன்னாடி என்னை நிக்க வெச்சிட்டே” என்றார்.

“நானும் நின்னேன் மாமா.”

அவர் கிணற்றுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். 

“எங்க நைனாவும் பேதியில தான் போனாரு. எனக்கு அப்போ பன்னண்டு வயசு. ஊட்டுல ஒருத்தரு கூட கிட்ட வரல. நான் மட்டும் தான் பக்கத்துல இருந்தேன். அந்த நாத்தம் இன்னும் என் மூக்குல கீது.” துண்டால் வாயைத் துடைத்தார். “அத்த உன்கிட்ட சொல்லணும்னு தோணிச்சி. வேற ஒண்ணுமில்ல.”

வடிவு மண்வெட்டியைக் கீழே வைத்தாள். அவருக்கு என்ன சொல்வது என்று தேடினாள். அதற்குள் கேட்டுப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது.

சேரிப் பெண்கள் பதினோரு பேர் குடங்களோடு நின்றார்கள். முன்னால் வேம்புலியம்மாள். கேட்டு திறந்திருந்தும் யாரும் உள்ளே கால் வைக்கவில்லை.

திருவேங்கடம் கேட்டுக்குப் போனார். தொங்கிய பூட்டைக் கழற்றிக் கையில் எடுத்தார். பெண்களைப் பார்த்தார். கன்னியம்மா என்ற கிழவி பயந்து குடத்தை மறைத்துக்கொண்டாள்.

“எடுத்துக்கினு போங்க” என்றார் கடைசியில். “இருட்டறதுக்குள்ள பூட்டணும்.”

ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தார்கள். வடிவு கயிற்றைப் பிடித்தாள். ஏழாவது குடம் நிரம்பும்போது ஆனந்தனின் சைக்கிள் வேலியோரம் வந்து நின்றது. அவன் இறங்கி, அப்பாவையும் பெண்டாட்டியையும் குடங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

கடைசிக் குடம் வேம்புலியம்மாளுடையது. நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு கேட்டருகே நின்றாள்.

“நாளைக்கி ஆண்டே?”

திருவேங்கடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏரிப் பக்கம் பார்த்தார்.

“காலையில வாங்க” என்றாள் வடிவு.

மாமனாரின் தோள் அசைந்தது. திரும்பி மருமகளைக் கண்டிப்பார் என்று ஆனந்தன் எதிர்பார்த்தான். அவர் கண்டிக்கவில்லை. நேராக மகனிடம் நடந்து வந்தார். பூட்டையும் சாவியையும் அவன் உள்ளங்கையில் வைத்தார்.

“எனக்கு வயசாயிடுச்சி. இனிமே தோட்டம் உன் பாடு. பூட்டறதோ தெறந்து வுடறதோ, நீயே முடிவு பண்ணு. ஞாயித்திக்கெழம அவுங்க வராங்களாம். ஊரு கேட்டா நீ பதில் சொல்லு.”

அவர் இருட்டத் தொடங்கிய வரப்பில் தனியாக நடந்து போனார். பெண்களும் போய்விட்டார்கள்.

ஆனந்தன் கையிலிருந்ததைப் பார்த்தபடி நின்றான். டிப்போவில் மற்றவர்கள் சொன்னதை எழுதிப் பழகிய கை அது.

“இன்னா வடிவு இதெல்லாம்? நான் இன்னா பண்ணட்டும்?”

வடிவு தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“இதே கேள்விய நான் நாலு நாள் என்னையே கேட்டுகினு இருந்தேன்” என்றாள். “நீங்க எத்தினி நாள் கேட்டுகினு இருக்கப் போறீங்க?”

பதிலுக்குக் காத்திராமல் அவள் வீட்டுப் பக்கம் நடந்தாள். பாதி வழியில் ஒருமுறை நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள். பூட்டுகிற சத்தமும் கேட்கவில்லை. அவன் கிளம்பி வருகிற சத்தமும் கேட்கவில்லை.